ஃபிலிம் ரோலைத் தபாலில் அனுப்பிக் கழுவுவது எப்படி?

ஃபிலிம் கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு முதல் ரோல் முடிந்ததும் ஒரு கேள்வி வரும்: இதை எங்கே கொடுத்துக் கழுவுவது? ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கலர் லேப் இருந்தது. காலையில் கொடுத்தால் மாலையில் பிரிண்டோடு வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது பெரிய ஊர்களில்கூட ஃபிலிம் கழுவும் மெஷின் ஓடுகிற கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவருக்கு ரோலைத் தபாலில் லேபுக்கு அனுப்புவதுதான் நடைமுறையில் சாத்தியமான வழி.

இதை வேறு வழியில்லாமல் செய்கிற வேலையாக நினைக்க வேண்டாம். சாதாரண மக்கள் படம் எடுக்கத் தொடங்கியதே இப்படித்தான். 1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே அப்படியே ராச்செஸ்டர் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குப் படங்களைப் பிரிண்ட் போட்டு, கேமராவில் புது ஃபிலிமும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

நேரில் போய்க் கொடுத்தால் கவுண்டரில் நின்று நாலு விஷயம் சொல்லிவிட்டு வருவோம். “அண்ணா, இது இருட்டில் எடுத்தது, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க” என்போம். தபாலில் அந்த வாய்ப்பு இல்லை. லேபில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது, நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்றும் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் பார்சலுக்குள் எழுத்தில் இருந்தாக வேண்டும். புதிதாக வருபவர்கள் பப்பிள் கவரைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, ரோலோடு போகிற சீட்டில் காட்டும் கவனம்தான் படத்தை அதிகம் காப்பாற்றுகிறது.

உங்களிடம் இருப்பது எந்த வகை ஃபிலிம்?

லேபைத் தேடுவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். ரோலின் உடம்பிலேயே எழுதியிருக்கும், ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

சி-41 என்று இருந்தால் கலர் நெகட்டிவ். கோடக் கோல்டு, கலர்பிளஸ், அல்ட்ராமேக்ஸ், போர்ட்ரா எல்லாம் இதுதான். 38 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி டெவலப் செய்வது இதன் வழக்கமான முறை. உலகம் முழுக்க ஒரே முறை என்பதால் எந்த நல்ல லேபும் இதைச் செய்யும். இ-6 என்று இருந்தால் ஸ்லைடு ஃபிலிம், அதாவது நெகட்டிவாக இல்லாமல் அசல் நிறத்திலேயே படம் வரும் ஃபிலிம். கோடக் எக்டாக்ரோம், ஃபியூஜி வெல்வியா, ப்ரோவியா ஆகியவை இந்த வகை. இதற்கான ரசாயனத்தை எல்லா லேபும் வைத்திருப்பதில்லை. வைத்திருப்பவர்களும் போதுமான ரோல் சேரும்வரை காத்திருந்து மொத்தமாகக் கழுவுவது உண்டு. ஆகவே ஸ்லைடு ரோலை அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பு வெள்ளைக்கு ஒரே முறை என்று எதுவும் கிடையாது. எந்த டெவலப்பர், எத்தனை நிமிடம் என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். இல்ஃபோர்டு எச்பி5, கோடக் ட்ரை-எக்ஸ், ஃபோமாபான் எதுவானாலும் பெயரையும் ஐஎஸ்ஓவையும் (ஒளியை எவ்வளவு வேகமாக வாங்கும் என்பதைச் சொல்லும் எண்) எழுதிவிட்டால் மீதியை லேப் பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு விதிவிலக்கு இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். படம் கருப்பு வெள்ளைதான், ஆனால் கழுவுவது சி-41 முறையில். சீட்டில் வெறுமனே “கருப்பு வெள்ளை” என்று எழுதினால் தவறான ரசாயனத்தில் போய்விடும். முழுப் பெயரையும் எழுதுங்கள்.

சினிமா ஃபிலிமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விலை குறைவு என்பதால் கோடக் விஷன்3 வரிசையின் 250 டேலைட், 500 டங்ஸ்டன் ஃபிலிம்களைச் சிறு ரோல்களாகச் சுற்றி விற்கிறார்கள். புதியவர்கள் பலர் தெரியாமலேயே இதைத்தான் வாங்குகிறார்கள். இந்த ஃபிலிமின் பின்பக்கத்தில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு உண்டு. சாதாரண சி-41 மெஷினில் போட்டால் அந்தக் கரி உரிந்து ரசாயனத்தில் கலந்துவிடும். உங்கள் ரோல் மட்டுமல்ல, அன்றைக்கு அதே தொட்டியில் போகிற மற்றவர்களின் கல்யாணப் படங்களும் குழந்தைப் படங்களும் சேர்ந்து கெட்டுப்போகும். இதற்கு ஈசிஎன்-2 என்ற தனி முறை இருக்கிறது. அண்மையில் இந்தப் பூச்சு இல்லாத விஷன்3யும் வந்திருக்கிறது. சினிஸ்டில் என்ற பெயரில் வருவது, பூச்சை நீக்கிச் சி-41க்கு ஏற்றதாகத் தரப்படுவது. உங்களிடம் இருப்பது எது என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பார்சலின் உள்ளேயும் ரோலின் மேலேயும் “சினிமா ஃபிலிம்” என்று பெரிதாக எழுதுங்கள். இது உங்கள் ஒரு ரோலோடு முடிகிற விஷயம் இல்லை.

வீட்டு அலமாரியில் கிடைத்த பழைய ரோலா? அதற்கும் வழி உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. சி-41 வந்தது 1972ல். அதற்கு முந்தைய கோடக் கலர் நெகட்டிவ்களில் சி-22 என்று இருக்கும், இன்று அதைக் கருப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும். கோடக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோமும் அப்படியே. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருக்கிற டுவெய்ன்ஸ் போட்டோதான் உலகத்தில் கடைசியாகக் கோடாக்ரோம் கழுவிய லேப். 2010 டிசம்பர் 30 வரை வந்து சேர்ந்த ரோல்களை ஏற்றுக்கொண்டது. கடைசி நாட்களில் பல நாடுகளிலிருந்தும் தபால் மூட்டைகள் அந்த ஊருக்கு வந்து குவிந்தன. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல் கிடைக்கலாம். கருப்பு வெள்ளையாக இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. பழைய ஃபிலிமில் அனுபவம் உள்ள லேபுக்கு மட்டும் அனுப்புங்கள்.

லேபிடம் கேட்க வேண்டியவை

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு போன் போட்டு, நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் வகை ஃபிலிமை உங்கள் இடத்திலேயே கழுவுகிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? ஸ்கேன் எத்தனை பிக்சலில் வரும்? நெகட்டிவைத் திருப்பித் தருவீர்களா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? ரோல் கெட்டுப்போனால் என்ன பொறுப்பு?

ஸ்கேன் அளவைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு இருக்கிறது. நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 6×4 அங்குலப் பிரிண்டு என்றால் 1800×1200 போதும். 12×8 போட வேண்டுமானால் 3600×2400. போனில் பார்க்க மட்டும் என்றால் சின்ன ஸ்கேனே போதும். பெரிய ஸ்கேனுக்குக் கூடுதல் காசு கொடுப்பது, பெரிதாகப் பிரிண்ட் போடப் போகிறவர்களுக்குத்தான் பயன். நெகட்டிவ் கையில் இருந்தால் பிடித்த ஒரு படத்தை மட்டும் பிறகு பெரிதாக ஸ்கேன் செய்துகொள்ளலாம். அதனால்தான் மூன்றாவது கேள்வியை விடாதீர்கள் என்கிறேன். ஸ்கேன் வந்ததும் திருப்தியாகி நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கேட்டு வாங்காத நெகட்டிவைச் சில மாதங்களில் அழித்துவிடுவது பல லேப்களின் வழக்கம்.

பொறுப்பு விஷயத்தில் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கெட்டுப்போனால் புது ரோல் ஒன்று தருவோம். ஃபிலிம் தயாரிப்பாளர்களே பெட்டியில் காலங்காலமாக இதைத்தான் அச்சிட்டு வந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த படத்துக்கு யாரும் ஈடு கொடுக்க மாட்டார்கள். ஆகவே புதிய லேபுக்கு முதலில் சாதாரண ரோல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அக்கா கல்யாண ரோலை அதற்கு அப்புறம் அனுப்பலாம்.

ரோலை வெளியே எடுப்பது

35 மி.மீ. கேமராவில் படம் முடிந்ததும் அடிப்பக்கத்துப் பட்டனை அழுத்திக்கொண்டு பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முதலில் இறுக்கமாக இருக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று கை லேசாகும். அதற்குப் பிறகும் நாலைந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். மோட்டார் உள்ள கேமராவில் சத்தம் முழுக்க நிற்கும்வரை பொறுங்கள். ஃபிலிம் முனை முழுவதும் உள்ளே போய்விட்டால் நல்லது. எடுத்த ரோலையே மறுபடி கேமராவில் போடும் ஆபத்து இருக்காது. சில லேப்கள் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பார்கள். அப்படியானால் முனையை மடக்கிவிடுங்கள், எடுத்து முடித்த ரோல் என்பதற்கு அதுவே அடையாளம்.

35 மி.மீ.யைவிட அகலமான 120 ரோலில் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு உலோகக் கூடு கிடையாது, வெளிச்சத்தைத் தடுப்பது காகிதம் மட்டும்தான். நிழலில் நின்று எடுங்கள். எடுக்கும்போது விரலை எடுக்காமல் சுருளை இறுக்கிப் பிடித்து, முனையில் இருக்கும் ஒட்டுத்தாளை நனைத்து ஒட்டுங்கள். தளர்வாக இருந்தால் ஓரங்களில் வெளிச்சம் புகுந்துவிடும். ஒட்டியதும் அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிடுங்கள். சமையலறையில் இருக்கும் தாளே போதும்.

ஒருமுறை பயன்படுத்தும் கேமரா என்றால் திறக்க முயல வேண்டாம். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் 300 வோல்ட் வரை சேர்ந்திருக்கும், நல்ல ஷாக் அடிக்கும். அப்படியே லேபுக்கு அனுப்புங்கள். உள்ளே பேட்டரி இருப்பதை மட்டும் தபால் கவுண்டரில் சொல்லிவிடுங்கள்.

சீட்டு

ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, எண்ணும் உங்கள் பெயரும் போனும் எழுதுங்கள். மை அழியாத மார்க்கரால் எழுதுவது நல்லது. அதே எண்களை வரிசையாகத் தாளில் எழுதி விவரம் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

ரோல் 1: கோடக் கோல்டு 200, 36 படம். சி-41. சாதாரணமாகக் கழுவவும்.
ரோல் 2: இல்ஃபோர்டு எச்பி5, ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், 1600ல் வைத்து எடுத்தது. 2 ஸ்டாப் புஷ் செய்யவும்.
ரோல் 3: கோடக் விஷன்3 500 டங்ஸ்டன், சினிமா ஃபிலிம், ரெம்ஜெட் உண்டு. ஈசிஎன்-2 மட்டும்.
மூன்றுக்கும் நடுத்தர அளவு ஸ்கேன், ஜேபெக். நெகட்டிவை வெட்டிக் கவரில் போட்டுத் திருப்பி அனுப்பவும்.

இரண்டாவது வரியைப் பாருங்கள். வெளிச்சம் போதாமல் கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்திருந்தால் அந்த ரோலை அதிக நேரம் டெவலப் செய்ய வேண்டும். அதைத்தான் புஷ் என்கிறார்கள். 400லிருந்து 800 ஒரு ஸ்டாப், 1600 என்றால் இரண்டு. சொல்லாவிட்டால் லேப் 400 என்றே கழுவும், படம் மெலிந்து இருட்டாக வரும். கோயில் உற்சவத்தை ராத்திரியில் எடுத்த ரோல் இப்படித்தான் பலருக்கு வீணாகிறது. கேமராவில் சந்தேகம் இருந்தாலும் சீட்டில் எழுதுங்கள்: “15ஆவது படத்துக்குப் பிறகு ஃபிலிம் சிக்கியது, கிழிந்திருக்கலாம்.” லேப்காரர் இருட்டறையில் வைத்துத் திறப்பார்.

தாளின் கீழே திருப்பி அனுப்ப வேண்டிய முழு முகவரியை பின்கோடோடு எழுதுங்கள். பிறகு ரோல்களையும் சீட்டையும் ஒன்றாக வைத்துப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எது எங்கே என்று பேச வேண்டி வந்தால் உதவும்.

பார்சல்

இது எளிது. ரோலை அதன் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாக்களை ஜிப் கவரில் போட்டு மூடி, சின்ன அட்டைப் பெட்டியில் ஆடாமல் வையுங்கள். இடைவெளியில் செய்தித்தாள் திணித்தால் போதும். வெறும் கவரில் ரோலைப் போட்டு அனுப்பாதீர்கள். உருண்டையாகப் புடைத்து நிற்கும் கவர் வழியில் எங்கேயாவது நசுங்கிக் கிழியும், ரோல் தனியே விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பினால் ஜிப் கவரைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடலாம். முகவரிக்கு மேல் அகலமான செல்லோ டேப் ஒட்டினால் மழையில் மை கரையாது.

முக்கியமான நிகழ்ச்சியின் ரோல்கள் நிறைய இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்ப வேண்டாம். இரண்டாகப் பிரித்து வேறு வேறு நாளில் அனுப்புங்கள்.

எப்படி அனுப்புவது, எப்போது அனுப்புவது

இந்தியாவுக்குள் ஸ்பீட் போஸ்ட் போதும். பழைய பதிவுத் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், ஆகவே பெரியவர்கள் சொல்கிற ‘ரிஜிஸ்டர் போஸ்ட்’டைத் தேட வேண்டியதில்லை. ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் ஐஎன் என்று 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். அதை அன்றே லேபுக்கு அனுப்பிவிடுங்கள். கொரியர் என்றால் ‘சர்பேஸ்’ என்று கேட்டால் தரை வழியாகவே போகும்.

தரை வழியை நான் விரும்புவதற்குக் காரணம் எக்ஸ்ரே. விமானத்தில் ஏறும் தபாலும் பார்சலும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டவை. கழுவாத ஃபிலிமுக்கு எக்ஸ்ரே எதிரி, ஐஎஸ்ஓ ஏற ஏறப் பாதிப்பும் ஏறும். 100, 200 ரோல்கள் ஒன்றிரண்டு சாதாரண ஸ்கேனைத் தாங்கும். 800க்கு மேல் என்றால் துணிய வேண்டாம். புதிய சி.டி. வகை ஸ்கேனர்கள் ஒரே தடவையிலேயே படத்தில் புகைபோல் படியவைக்கக்கூடும். “ஃபிலிம், எக்ஸ்ரே வேண்டாம்” என்று பெட்டியில் ஒட்டலாம், தவறில்லை. ஆனால் அதை யாராவது மதிப்பார்கள் என்று நம்பி அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் இருப்பவர் சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற ஊர்களில் லேப் தேடினால் சாலை வழியாகவே போய்ச் சேர வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு லேபுக்கு அனுப்புவதை, உள்ளூரில் செய்ய முடியாத வகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற நெகட்டிவுக்கு இந்தப் பயம் இல்லை. கழுவிய ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

அடுத்தது வெயில். எடுத்து முடித்த படம் கழுவும்வரை ஃபிலிமுக்குள் கண்ணுக்குத் தெரியாத நிலையில்தான் இருக்கிறது, சூடும் ஈரமும் அதை மெல்ல மெல்ல அழிக்கும். கலர் ஃபிலிமில் நிறம் மாறும். ஆகவே முடிந்த ரோலை மாதக் கணக்கில் வைத்திருக்காதீர்கள். நாலைந்து ரோல் சேரட்டும் என்று காத்திருந்தால் டப்பாவை ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் சில மணி நேரம் கழித்து டப்பாவைத் திறங்கள், உடனே திறந்தால் ஈரம் படியும். சித்திரை, வைகாசியில் திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு குடோனில் கிடந்து வேகாமல் வார நாட்களிலேயே போய்ச் சேரட்டும். தீபாவளி, பொங்கல் நெரிசலையும் தவிர்த்துவிடுங்கள்.

நெகட்டிவ் திரும்பி வந்ததும்

ஸ்கேன்களை இரண்டு இடங்களில் சேமித்துக்கொண்டு, அப்புறம் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தை மட்டும் தொடுங்கள். படம் சரியாக வராத ரோலில் தவறு எங்கே நடந்தது என்று நெகட்டிவின் ஓரமே பெரும்பாலும் சொல்லிவிடும். ஃபிலிமின் பெயரும் பட எண்களும் தொழிற்சாலையிலேயே ஓரத்தில் பதியப்பட்டவை, கழுவினால் தெரியும். அந்த எழுத்துகள் தெளிவாக இருந்து படங்கள் மட்டும் இல்லையென்றால் லேப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கேமராவில் ஃபிலிம் பற்களில் மாட்டாமல் ஓடியிருக்கலாம், அல்லது ஷட்டர் திறக்காமல் இருந்திருக்கலாம். ஓரத்து எழுத்துகளும் இல்லாமல் ஃபிலிம் முழுக்க வெறுமையாக இருந்தால் கழுவியதில் கோளாறு, லேபிடம் கேளுங்கள். எழுத்து இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. கரும்பட்டை ஓரத்திலிருந்து படத்துக்குள் பரவியிருந்தால் வெளிச்சம் கசிந்திருக்கிறது. அது எல்லா ரோலிலும் ஒரே இடத்தில் வந்தால் கேமராவின் பின்மூடியில் இருக்கும் பழைய நுரைப்பட்டையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

லேபோடு பேசும்போது இந்த விவரத்தோடு பேசுங்கள். “படம் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர்களால் உதவ முடியாது. நெகட்டிவைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பொறுமையாக விளக்குவார்கள், அடுத்த ரோலுக்கு யோசனையும் சொல்வார்கள்.

35 மி.மீ. நெகட்டிவ் வழக்கமாக ஆறு ஆறு படமாக வெட்டப்பட்டு வரும். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலிப்ரொபிலீன் உறைகளில் போடுங்கள். சீட்டில் கொடுத்த அதே எண்ணையும் மாதத்தையும் ஆண்டையும் உறையின் மேல் எழுதுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், ஆகவே மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் அந்தப் பொட்டலங்களை மாற்றிவிடுங்கள்.